வீடு வாங்கினால் வரி குறையுமா?

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கல்லும் சுண்ணாம்பும் தேடி, மேசன்மாரையும் தச்சரையும் வருந்தி அழைத்து, கூரை ஏறுமுன்னரே கைப்பணம் கரைந்துபோகக் கண்டவர்கள் கூறிய மொழி அது. ஆனால், கடல் கடந்து ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய நம் பிள்ளைகளுக்கு அப் பழமொழியின் முற்பகுதி அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அங்கே தாமாக நின்று வீடு கட்டுவோர் சிலர். கட்டி முடித்த வீட்டை விலைக்கு வாங்குவோரே பலர். அவர்கள் மல்லாடுவது கல்லோடும் மரத்தோடும் அன்று, காகிதத்தோடு. முற்பணம் எவ்வளவு, வங்கி எவ்வளவு கடன் தரும், வட்டி என்ன வீதம், முப்பது வருடத்துக்கு மாதந்தோறும் எவ்வளவு கட்டவேண்டும் என்று கணவனும் மனைவியும் இரவிரவாக இருந்து கணக்குப் பார்க்கின்றனர்.

இக் கணக்கிலே வருமான வரிக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மிற் பலர் அறியார். வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கமே வரியிற் சலுகை காட்டி, சில சமயங்களிற் கையிலே காசோலையையும் கொடுத்த கதை அமெரிக்காவிலே நடந்திருக்கிறது. அதிலும் 2008 முதல் 2010 வரை நடந்தது பெருங்கதை. கொடுத்தது உண்மையான பணந்தான். ஆனால், அது யாருக்கு வீட்டைத் தேடித் தந்தது, யாருக்குத் தராமற் போயிற்று என்று ஆராய்ந்தால், தொகை பெரிதா சிறிதா என்பதைக் காட்டிலும், அத் தொகை எந்த நாளில், எந்த உருவிற் கைக்கு வந்தது என்பதே காரியத்தைத் தீர்மானித்திருக்கிறது. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கழிவு வேறு, தள்ளுபடி வேறு

வரிச் சலுகை என்று பொதுப்படச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வருமானத்தைக் கணக்கிடும்போதே ஒரு தொகையைக் கழித்துவிட்டு எஞ்சியதற்கு மாத்திரம் வரி போடுவது. இதனை வருமானக் கழிவு என்போம். மற்றது, வரி இவ்வளவு என்று கணக்கிட்டு முடித்த பின்னர், அந்த வரியிலிருந்தே ஒரு தொகையைத் தள்ளிவிடுவது. இதனை வரித் தள்ளுபடி என்போம். சொல்லளவில் வேற்றுமை சிறிது, பணத்தளவிற் பெரிது.

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இரு வீட்டாரும் ஒரு வருடத்தில் 10,000 டொலர் வீட்டுக்கடன் வட்டி கட்டினர் என வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாதாரண உத்தியோகத்தர். அவருடைய வருமானத்தின் மேற்பகுதிக்கு நூற்றுக்குப் 12 வீதம் வரி. மற்றவர் பெரும் வைத்திய நிபுணர். அவருக்கு நூற்றுக்கு 35 வீதம். வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்தால், உத்தியோகத்தருக்கு மிஞ்சுவது 1,200 டொலர்; வைத்தியருக்கோ 3,500 டொலர். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் ஏற்பாடு இது. அதுவும் உத்தியோகத்தருக்கு அந்த 1,200 டொலராவது கிடைக்குமா என்றால், அதுவும் நிச்சயமன்று. ஏனெனில், அமெரிக்க வரிச் சட்டம் செலவுக் கணக்கைக் கேளாமலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொதுக் கழிவை வழங்குகிறது. செலவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினால் வரும் தொகை அப் பொதுக் கழிவிலும் பெரிதாக இருந்தாலன்றி, எழுதிக் காட்டுவதாற் பயனில்லை. 2017ஆம் ஆண்டிலே நிறைவேறிய சட்டம் அப் பொதுக் கழிவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டது. ஆகவே, நடுத்தரக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்கு வீட்டுக்கடன் வட்டி என்ற கழிவு இன்று பெயரளவிலேதான் இருக்கிறது.

வரித் தள்ளுபடி அப்படியன்று. 8,000 டொலர் தள்ளுபடி என்றால், உத்தியோகத்தருக்கும் 8,000, வைத்தியருக்கும் 8,000. இதிலும் ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. கட்டவேண்டிய வரியே 3,000 டொலர்தான் என்றால், 8,000 டொலர் தள்ளுபடியில் மிகுதி 5,000 என்னாகும்? சட்டத்தில் ‘மீளளிக்கத் தக்கது’ என்று எழுதியிருந்தால் அந்த 5,000 டொலரும் காசோலையாக வீடு வந்து சேரும். அவ்வாறு எழுதப்படாவிட்டால் 3,000 டொலரோடு கதை முடிந்தது. சிறு சம்பளக்காரனுக்கு இந்த ஒரு சொல்லிலேதான் வீடு தங்கியிருக்கிறது.

1975இல் ஒரு பிள்ளையார் சுழி

அமெரிக்கர் இம் முறையை முதன்முதலாகக் கையாண்டது 2008இல் என்று எண்ணிவிடலாகாது. 1975 மார்ச்சில் ஜனாதிபதி ஃபோர்ட் கையொப்பமிட்ட வரிக் குறைப்புச் சட்டத்திலே, புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குவோருக்கு விலையில் நூற்றுக்கு 5 வீதம், ஆகக் கூடியது 2,000 டொலர், வரியிலே தள்ளிக் கொடுக்கப்பட்டது. கட்டி முடித்த வீடுகள் வாங்க ஆளின்றி நின்ற காலம் அது. தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவதற்காகக் கடைக்காரர் விலை குறைப்பதுண்டல்லவா? இங்கே கடைக்காரருக்குப் பதிலாக அரசாங்கம் குறைத்தது, வேற்றுமை அவ்வளவே. பின்னர் 1997இல், குடிமக்கள் வெளியேறிக்கொண்டிருந்த தலைநகராகிய வாஷிங்டனில் முதன்முறை வீடு வாங்குவோருக்கு மாத்திரம் 5,000 டொலர் தள்ளுபடி அளித்தனர். அது 2011 முடிவு வரை நீடித்தது.

ஒரு நாள் வித்தியாசம்

2006ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் வீட்டு விலைகள் சரியத் தொடங்கின. தகுதி பாராமல் அள்ளிக் கொடுத்த கடன்கள் திரும்பி வரவில்லை. தவணை கட்டத் தவறியவர்களுடைய வீடுகளை வங்கிகள் எடுத்துக்கொண்டன. எடுத்த வீடுகளை வாங்குவார் இல்லை. ஊர் ஊராக வெறும் வீடுகள் நின்றன. இந்நிலையில் 2008 ஜூலை 30ஆந் திகதி ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட சட்டமொன்று, முதன்முறை வீடு வாங்குவோருக்கு விலையிற் பத்து வீதம், ஆகக் கூடியது 7,500 டொலர், வரித் தள்ளுபடியாகக் கிடைக்கும் என்று அறிவித்தது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால், அதன் அடியிலே ஒரு வாசகம். பெற்ற பணத்தைப் பதினைந்து வருடங்களில், வருடம் 500 டொலராகத் திருப்பிக் கட்டவேண்டும்! தள்ளுபடி என்று பெயர் சூட்டப்பட்ட வட்டியில்லாக் கடன் அது. மாமியார் கொடுத்த நகையைக் கலியாணம் முடிந்ததும் திருப்பிக் கேட்பதுபோல என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டு ஆட்சி மாறிற்று. 2009 பெப்ரவரி 17ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் தொகையை 8,000 டொலராக உயர்த்தியதோடு, திருப்பிக் கட்டவேண்டியதில்லை என்றும் கூறியது. வாங்கிய வீட்டிலே மூன்று வருடம் குடியிருந்தாற் போதும், பணம் அவர்களுடையது. மீளளிக்கத் தக்கதுமாகும். இச் சட்டம் 2009 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் வாங்கிய வீடுகளுக்குப் பொருந்தியது.

இனி ஒரே தெருவிலே அடுத்தடுத்து இரண்டு வீடுகளை மனத்திற் காணுங்கள். ஒரு குடும்பம் 2008 டிசம்பர் 31ஆந் திகதி உறுதி முடித்தது. மற்றக் குடும்பத்துக்குப் பத்திரம் ஏதோ தாமதித்து, ஜனவரி பிறந்த பின்னரே முடிந்தது. விலை ஒன்று, சம்பளம் ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒன்று. முந்தியவர்களுக்கு 7,500 டொலர் கடன். பிந்தியவர்களுக்கு 8,000 டொலர் நன்கொடை. சுறுசுறுப்பாகக் காரியம் பார்த்தவர்கள் பதினைந்து வருடம் 500 டொலர் கட்ட, தாமதித்தவர்கள் ஒரு சதமும் கட்டாமல் இருந்தனர். 2008இல் வாங்கியவர்களுடைய முதல் தவணை 2010ஆம் ஆண்டுக்கான வரிப் பத்திரத்தோடு ஆரம்பித்து, கடைசித் தவணை 2024ஆம் ஆண்டுக்கான பத்திரத்தோடேதான் முடிவுற்றது. அன்று தொட்டிலிற் கிடந்த குழந்தை உயர்தர வகுப்புக்கு வரும் வரையில் கட்டியிருக்கின்றனர். இடையில் வீட்டை விற்றால் நிலுவையை ஒருங்கே கட்டவேண்டும் என்பது விதி. அந்நியருக்கு விற்றால் கிடைத்த இலாபத்துக்கு மேற்படக் கேட்பதில்லை. பெற்றவர் இறந்துவிட்டால் நிலுவை அவரோடு போயிற்று. சட்டத்துக்கும் இவ்வளவு இரக்கம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தகப்பனிடம் வாங்கினால் இல்லை

யார் யார் பெறலாம்? ‘முதன்முறை வாங்குவோர்’ என்றால் ஆயுளில் ஒருபோதும் வீடு வைத்திராதவர் என்பது பொருளன்று. கடந்த மூன்று வருடங்களுக்குள் சொந்த வீட்டிற் குடியிராதவர் எவரும் முதன்முறை வாங்குபவரே. கணவனும் மனைவியும் ஆயின் இருவருக்கும் அத் தகுதி இருக்கவேண்டும். வருமானத்துக்கும் வரம்பு உண்டு. 2009இன் சட்டத்தில் தனியாளுக்கு 75,000 டொலருக்கும், தம்பதிகளுக்கு 150,000 டொலருக்கும் மேலே போகப் போகத் தொகை குறைந்துகொண்டே வந்து, அவற்றுக்கு 20,000 டொலர் மேலே முற்றாக மறைந்துவிடும். 2009 நவம்பரில் இவ்வரம்புகளை 125,000 என்றும் 225,000 என்றும் உயர்த்தி, 800,000 டொலருக்கு மேற்பட்ட விலையுள்ள வீடுகளை விலக்கிவைத்தனர். ஏற்கெனவே சொந்த வீட்டில் நெடுங்காலம் இருந்து வேறு வீடு வாங்குகிறவர்களுக்கும் 6,500 டொலர் வரை கிடைக்கும் என்று அப்போது சேர்த்துக்கொண்டனர்.

நம்மவர் சிரிக்கத்தக்க நிபந்தனை ஒன்றும் அதில் உண்டு. தாய் தகப்பனிடமிருந்தோ, பேரன் பேத்தியிடமிருந்தோ வீட்டை வாங்கினால் தள்ளுபடி இல்லை. பிள்ளைகளிடமிருந்து வாங்கினாலும் இல்லை. உடன்பிறந்த அண்ணனிடமிருந்து வாங்கினால் மாத்திரம் தடையில்லை! முதலிலே மாமனாரைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருந்த சட்டம், 2009 நவம்பரில் அவரையும் கவனித்துத் தடையிற் சேர்த்தது. நன்கொடையாகவோ முதுசமாகவோ வந்த வீட்டுக்குத் தள்ளுபடி இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சீதன வீட்டிற் குடிபுகும் நம் யாழ்ப்பாணத்து மருமக்களுக்கு இச் சட்டத்தினால் ஆகக்கூடிய நன்மை எதுவுமே இராது.

முன்னே வேண்டிய பணம் பின்னே வந்தது

நிற்க. இனித்தான் இக் கதையின் கருவுக்கு வருகிறோம்.

வீடு வாங்குவதற்கு ஏழைக் குடும்பத்தைத் தடுப்பது எது? மாதத் தவணை அன்று. அவர்கள் கொடுக்கும் மாத வாடகை பல ஊர்களிலே தவணைக்குச் சமமாகவே இருக்கும். தடுப்பது முற்பணம். அரசாங்கத்தின் வீட்டுவசதி நிருவாகம் உத்தரவாதமளிக்கும் கடனுக்கு அந் நாளில் ஆகக் குறைந்த முற்பணம் நூற்றுக்கு மூன்றரை வீதம். 150,000 டொலர் வீட்டுக்கு 5,250 டொலர். அதற்கு மேல் உறுதிச் செலவு, மதிப்பீட்டுச் செலவு, காப்புறுதி என்று இன்னும் சில ஆயிரங்கள். சீட்டுக் கட்டியும் சில்லறை சேர்த்தும் இதனைத் திரட்ட முடியாமலே பல குடும்பங்கள் வாடகை வீட்டிற் காலங்கழிக்கின்றன.

8,000 டொலரோ 5,250 டொலரிலும் பெரிது. முற்பணம் முழுவதையும் அடைத்துவிட்டு மிச்சமும் இருக்கும். ஆனால், முற்பணம் கட்டவேண்டியது உறுதி முடிக்கும் நாளில். தள்ளுபடி வருவது உறுதி முடித்து, வரிப் பத்திரம் எழுதி அனுப்பி, அவர்கள் பரிசீலித்த பின்னர். முன்னே பணம் வைத்திருந்தவனுக்குப் பின்னே பணம் கொடுக்கும் ஏற்பாடாகவே அது அமைந்தது. தாகத்தோடு நிற்பவனைப் பார்த்து, ‘முதலிற் கிணற்றை வெட்டு, நீர் கண்டதும் கூலி தருகிறேன்’ என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அரசாங்கத்தாரும் இதனை உணராமல் இல்லை. 2009இல் வாங்கியவர்கள் அடுத்த வருடம் வரையும் காத்திராமல், 2008ஆம் ஆண்டு வரிப் பத்திரத்திலேயே கேட்டுப் பெறலாம் என்று சட்டம் இடங்கொடுத்தது. 2009 மே மாதத்தில் வீட்டுவசதி அமைச்சு இன்னும் ஒரு படி மேற்சென்று, வரப்போகும் தள்ளுபடியைக் காட்டிக் கடன் கொடுப்போரிடமிருந்து முன்கூட்டியே பணம் பெற வழி செய்தது. ஆயினும், அப் பணத்தை உறுதிச் செலவுக்கும் மேலதிக முற்பணத்துக்கும் பயன்படுத்தலாமேயன்றி, அந்த மூன்றரை வீதத்தை வாங்குபவர் தம் கையிலிருந்தே காட்டவேண்டும் என்று தனியார் நிறுவனங்களுக்கு விதித்தனர். சில மாநிலங்களின் வீட்டுவசதி நிறுவனங்கள் மாத்திரம் துணிந்து, தள்ளுபடி வரும் வரையில் முற்பணத்துக்கே குறுங்காலக் கடன் வழங்கின. என் கருத்திலே, அம் மாநிலங்களில் வாழ்ந்த சிறு வருமானக்காரருக்கே இத் திட்டம் உண்மையிற் கதவைத் திறந்தது. மற்றவர்களிற் பலருக்கு, எப்படியும் வாங்கவிருந்த வீட்டை வாங்கியதற்குக் கிடைத்த வெகுமதியே அது.

2010 நடுப்பகுதி வரையில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத் தள்ளுபடியைப் பெற்றனர். கடைசி நாளாக 2010 ஏப்ரில் 30 குறிக்கப்பட்டிருந்தபடியால், அதற்குள் ஒப்பந்தம் எழுதிவிட வேண்டும் என்று தரகர் வாசல்களிலே சனம் முட்டி மோதிற்று. நாள் கடந்தது, ஜூலை மாதத்தில் பழைய வீடுகளின் விற்பனை ஜூன் மாதத்திலும் நூற்றுக்கு 27 வீதம் வீழ்ந்தது. ஆடி மாதத்திலே வாங்கவேண்டியவர்கள் சித்திரையிலே வாங்கி முடித்துவிட்டனர். விற்பவரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பாரா? வாங்க வருகிறவர் கைக்கு 8,000 டொலர் வரும் என்று தெரிந்த பின்னர் விலையிற் பேரம் பேசி இறங்க அவருக்கு மனம் வருமா? தள்ளுபடியில் ஒரு பங்கு வாங்குபவரின் பையைத் தொட்டுவிட்டு விற்பவரின் பெட்டிக்குட் போயிருக்கும் என்பது வியாபாரம் அறிந்தவர் எவருக்கும் விளங்கும்.

நாலு வயதுக் குழந்தை வாங்கிய வீடு

பணம் எங்கே கொட்டிக் கிடக்கிறதோ அங்கே ஈயும் வரும். வரி நிருவாகத்தைக் கண்காணிக்கும் தலைமைப் பரிசோதகர் 2009 அக்டோபரிற் காங்கிரஸ் சபையின் முன்னே சொன்ன செய்தி அமெரிக்கரையே வாய் பிளக்க வைத்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் முதன்முறை வீடு வாங்கியதாகத் தள்ளுபடி கேட்டிருந்தனர். அவர்களில் ஆக இளையவருக்கு வயது நான்கு! மறு வருடம் ஜூனில் வெளியான அறிக்கை இன்னும் விசித்திரமானது. சிறையில் இருந்த 1,295 கைதிகள் ஏறத்தாழ 91 இலட்சம் டொலர் பெற்றிருந்தனர். அவர்களில் 241 பேர் ஆயுட்காலச் சிறைவாசிகள். வேறோரிடத்தில் ஒரே வீட்டை 67 பேர் தாம்தாம் வாங்கியதாக எழுதியிருந்தனர். ஆரம்பத்திலே வீடு வாங்கியதற்கு அத்தாட்சிப் பத்திரம் எதுவும் இணைக்கச் சொல்லாமல் விட்டதன் பலன் இது. 2009 நவம்பரிலேதான், வாங்குபவர் பதினெட்டு வயது நிரம்பியவராதல் வேண்டும், கொள்முதல் முடிந்த கணக்குப் பத்திரத்தை இணைத்தல் வேண்டும் என்று சட்டத்தில் எழுதினர். அதன் பின்னர் நேர்மையாக வாங்கியவர்களும் பத்திரங்களைத் தேடி அனுப்பிவிட்டு மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது.

சத்தமில்லாத சலுகை

மேற்கூறிய பெருந்தள்ளுபடி 2010ஓடு முடிவுற்றது. அதன் பின் முழு நாட்டுக்கும் பொதுவான அத்தகைய தள்ளுபடி வரவில்லை. 2021இல் 15,000 டொலர் தள்ளுபடி வேண்டிக் காங்கிரஸ் சபையில் மசோதா ஒன்று வந்தது; நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் ஜனாதிபதி பைடன் இரண்டு வருடங்களுக்கு மாதம் 400 டொலர் வீதம் கொடுப்போம் என்று தம் பேருரையிற் கூறினார், அதுவும் சட்டமாகவில்லை. ஆகவே, ‘உங்களுக்கு 15,000 டொலர் வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது கூறினால், அங்குள்ள உங்கள் மகனோ மகளோ கைப்பையை இறுக மூடிக்கொள்வது நல்லது.

ஆனால், பெரிதாகப் பறையறையாமல் 1984 முதல் நடந்துவரும் வேறொரு தள்ளுபடி உண்டு. அதனை வீட்டுக்கடன் வரித் தள்ளுபடிச் சான்றிதழ் எனலாம். மாநிலங்களின் அல்லது உள்ளூராட்சிகளின் வீட்டுவசதி நிறுவனங்கள், குறிப்பிட்ட வருமானத்துக்கும் வீட்டு விலைக்கும் உட்பட்டவர்களுக்கு இதனை வழங்குகின்றன. இச் சான்றிதழ் பெற்றவர், வருடந்தோறும் தாம் கட்டும் வட்டியில் ஒரு வீதத்தை நேரே வரியிலிருந்து தள்ளிக்கொள்ளலாம். அவ்வீதம் பத்துக்குக் குறையாமலும் ஐம்பதுக்கு மேற்படாமலும் இருக்கும். இருபதுக்கு மேற்பட்டதாயின் வருடத்துக்கு 2,000 டொலர் என்ற உச்ச வரம்பு உண்டு.

கணக்கைப் பாருங்கள். 200,000 டொலர் கடன், வட்டி நூற்றுக்கு ஆறு, முப்பது வருடத் தவணை. மாதம் கட்டவேண்டியது ஏறத்தாழ 1,200 டொலர். முதல் வருடத்து வட்டி ஏறத்தாழ 12,000 டொலர். சான்றிதழின் வீதம் இருபது என்றால், அந்த வருடம் ஏறத்தாழ 2,400 டொலர் வரி குறையும். மாதக் கணக்கில் 200 டொலர். தவணையில் ஆறில் ஒரு பங்கு. கடன் தீரத் தீர வட்டி குறையுமாதலால் இத் தொகையும் மெல்லக் குறைந்து செல்லும். எனினும், அதே வீட்டிற் குடியிருந்து அதே கடனைக் கட்டும் வரையில் வருடந்தோறும் வந்துகொண்டேயிருக்கும்.

இதன் பெருமை தொகையில் இல்லை. அத் தொகையை மாதந்தோறும் கையிற் காணலாம் என்பதிலேயே இருக்கிறது. தொழில் தருபவர் சம்பளத்திலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரியைக் குறைத்துப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த 200 டொலர் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தோடேயே வந்து சேரும். கடன் வழங்குவோர் பலர் இதனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வதால், முன்பு ‘உமது சம்பளம் போதாது’ என்று கைவிரித்த வங்கி, ‘சரி, தருகிறோம்’ என்று சொல்லவும் கூடும். 8,000 டொலர் பெருந்தொகையால் முடியாததை மாதம் 200 டொலர் இப்படிச் செய்துவிடுகிறது. 2009இன் கொடையிலும் இதுவே அறிவுள்ள ஏற்பாடு என்பது என் துணிபு. ஆனால், இதனைப் பற்றி விளம்பரம் செய்வாரும் இல்லை, அறிந்தவரும் அதிகம் இல்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. இது மீளளிக்கத் தக்கதன்று. கட்டவேண்டிய வரி 1,500 டொலர்தான் என்றால் அவ்வருடம் 1,500 டொலரே பயன்படும். எஞ்சியதை அடுத்த மூன்று வருடங்களுக்குக் கொண்டுசெல்லலாம். ஒன்பது வருடங்களுக்குள் வீட்டை விற்று, விற்றதில் இலாபமும் கண்டு, வருமானமும் வரம்புக்கு மேல் உயர்ந்துவிட்டால், கொடுத்ததில் ஒரு பகுதியை அரசாங்கம் திரும்பக் கேட்கும். மூன்றும் ஒருங்கே நேர்ந்தாலன்றிக் கேட்பதில்லை. வட்டி மலிந்த காலத்தில் பழைய கடனைத் தீர்த்துப் புதுக் கடன் எடுப்போர், மறு சான்றிதழ் கேட்டுப் பெறாவிட்டால் சலுகையை இழப்பர். எல்லாவற்றிலும் முக்கியமானது, இதற்கு உறுதி முடிப்பதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்குப் பால் காய்ச்சிக் குடிபுகுந்த பின்னர் போய்க் கேட்டால் ஒருவரும் தரமாட்டார். எல்லா மாநிலங்களிலும் எல்லாக் காலத்திலும் இது வழங்கப்படுவதுமில்லை; அந்தந்த மாநில நிறுவனத்தையே விசாரித்தறிய வேண்டும்.

கனடாவில் உள்ளவர்களுக்கு

நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவிலும், 2009ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு இத்தகைய சலுகை ஒன்று தொடங்கியது. 5,000 டொலரை அடிப்படையாகக் கொண்டு, அதில் நூற்றுக்குப் 15 வீதம், அதாவது 750 டொலர், வரியிலிருந்து தள்ளப்பட்டது. 2022இல் அடிப்படையை 10,000 டொலராக்கியதனால் தள்ளுபடி அப்போது 1,500 டொலராயிற்று. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஒரு வீட்டின் விலை பல இலட்சம் டொலர் என்பதை அறிந்தவர்கள், இச் சிறு தொகையைக் கேட்டுப் புன்னகை செய்வர். வழக்கறிஞர் செலவில் ஒரு பங்குக்குக் காணும், அவ்வளவுதான். இதுவும் மீளளிக்கத் தக்கதன்று. அங்கே முதன்முறை வாங்குபவர் என்பதற்கு மூன்று வருடமன்று, கூடுதலான காலம் பார்க்கப்படும்: வாங்கிய வருடத்திலும் அதற்கு முந்திய நான்கு வருடங்களிலும், தமக்கோ வாழ்க்கைத் துணைக்கோ சொந்தமான வீட்டிற் குடியிருந்திருக்கக் கூடாது.

சிறு தொகையாயினும் கேளாமல் விடுவானேன்? வீடு வாங்கிய வருடத்துக்குரிய வரிப் பத்திரத்தில் 31270 என்று இலக்கமிட்ட இடத்தில் இதனை எழுதிக் கேட்கவேண்டும். எழுதாவிட்டால், வீடு வாங்கியதை அறிந்து தாமாகவே கொடுப்பார் எவருமில்லை. கணவனும் மனைவியும் தம்முள் அதனைப் பங்கிட்டு எழுதலாம். இருவர் எழுதியதும் சேர்ந்து 10,000 டொலருக்கு மேற்படலாகாது.